அறுபது வீட்டுத் தெரு, ஆறு பேர் உழைப்பு: பிளாஸ்டிக்கைக் குறைக்க எந்த வழி முதலில்?

தனி வீடுகளும் இரண்டு மூன்று சின்ன அடுக்ககங்களுமாக அறுபது குடும்பங்கள் வாழும் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். குடியிருப்போர் நலச்சங்கம் இருக்கிறது, ஆனால் இறங்கி வேலை செய்கிறவர்கள் ஆறு பேர்தான். காலையில் குப்பை வாங்கும் பேட்டரி வண்டி வந்துபோகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் பல தெருக்கள் இப்படித்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக்கைக் குறைப்போம் என்று கூட்டம் போட்டால் அரை மணி நேரத்தில் ஏழெட்டு யோசனைகள் வந்து விழும். மஞ்சப்பை கொடுக்கலாம், பால் கவர் சேர்க்கலாம், பாட்டிலில் அடைத்துச் செங்கல் செய்யலாம், மக்கும் கவர் வாங்கலாம், இயந்திரம் வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மூன்றாவது மாதத்தில் ஒன்றும் மிஞ்சாது. எனவே அந்த ஆறு பேரின் ஞாயிற்றுக்கிழமைகளை எதில் செலவழிப்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கூட்டங்களில் குழம்பிப்போகும் ஒரு விஷயத்தையும் தொடக்கத்திலேயே பிரித்துவிடலாம். சேகரிப்பது ஒரு வேலை, குறைப்பது வேறு வேலை. சேகரித்தால் குப்பைமேட்டுக்கும் கால்வாய்க்கும் போவது குறையும், வீட்டுக்குள் வருவது குறையாது. மாதாமாதம் அதே எண்ணிக்கையில் மூட்டைகள் நிறைகின்றன என்றால் தெரு சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தராசு இல்லாமல் தேர்வு இல்லை

எந்த வழி பொருந்தும் என்பது அந்தத் தெருவின் குப்பையைப் பொறுத்தது. சம்மதிக்கிற பத்து வீடுகளில் ஆளுக்கொரு சாக்கு கொடுத்து, ஏழு நாள் சேரும் பிளாஸ்டிக் முழுவதையும் அதில் போடச் சொல்லுங்கள். ஈரம் இல்லாமல், எதையும் விற்காமல், வண்டியில் கொடுக்காமல். பொங்கல், தீபாவளி வாரங்கள் வேண்டாம், கணக்கு உப்பிவிடும். எட்டாம் நாள் ஒரு தார்ப்பாயில் கொட்டி ஆறு குவியலாகப் பிரிக்க வேண்டும்: பால், தயிர் கவர்கள்; கடையில் தரும் மெல்லிய பைகளும் பார்சல் கவர்களும்; எண்ணெய், மாவு, சோப்புத்தூள் வந்த தடித்த பைகள்; கசக்கினால் நொறுநொறுக்கும் பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு பாக்கெட்டுகள்; பாட்டில், டப்பா, மூடிகள்; விசேஷத்திலும் டீக்கடையிலும் இருந்து வந்த கப், ஸ்பூன், தட்டுகள்.

ஒவ்வொரு குவியலையும் எடை போடுங்கள், எண்ணவும் செய்யுங்கள். இரண்டும் தேவை, ஏனென்றால் எடை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றின் எடைக்கு ஷாம்பு பாக்கெட் இருபதுக்கு மேல் வேண்டும். சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குப் போவதும் எடை குறைந்தவைதான். கொக்கியில் தொங்கவிடும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

கணக்கு எப்படி விரியும் என்பதற்குப் பால் கவர் நல்ல உதாரணம். அரை லிட்டர் கவர் ஒன்று கிட்டத்தட்ட 3 கிராம். வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு என்றால் அறுபது வீட்டில் மாதம் 3,600 கவர், ஏறக்குறைய 11 கிலோ. எண்ணிக்கையில் இது பெரும்பாலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடும். ஆனால் தெரு சேர்ந்து குறைக்க முடிகிற குவியல் இதுவல்ல. பக்கத்தில் கறவை மாடு வைத்திருப்பவர் தூக்கில் ஊற்றினாலொழிய பால் கவரில்தான் வரும். அதைச் சுத்தமாகச் சேர்க்கத்தான் முடியும்.

முதல் வழி: மக்காத குப்பை நாள்

பெரும்பாலான தெருக்கள் இதில்தான் தொடங்குகின்றன, ஏனென்றால் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. மாதம் ஒரு ஞாயிறு, ஓரிடம், நான்கு சாக்கு. சாக்குகளை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. பழைய பேப்பர் கடைக்காரர் எதை வாங்குவாரோ அந்தக் கணக்கில் பிரிக்க வேண்டும். முதல் சாக்கு தண்ணீர், குளிர்பான பாட்டில்கள், அதாவது அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டவை. மூடியைக் கழற்றி, மிதித்துத் தட்டையாக்கிப் போடலாம். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக் என்பதால் தனிப்பையில் போகும். இரண்டாவது, ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், டப்பா போன்ற கெட்டிச் சாமான்கள். இவற்றில் 2 அல்லது 5 இருக்கும். மூன்றாவது, இழுத்தால் நீளும் கவர்கள். நான்காவது, இழுத்தால் நீளாமல் கிழியும், உள்ளே வெள்ளி பூசிய, நொறுநொறுக்கும் பாக்கெட்டுகள். இதைக் கடைக்காரர் வாங்கமாட்டார். வேறுவேறு பொருள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்ததால் உருக்கிப் பிரிக்க முடியாது.

எண் அழிந்துபோன துண்டு எது என்று சந்தேகம் வந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுப் போட்டுப் பாருங்கள். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். தண்ணீர் பாட்டில் வகையும் பி.வி.சி.யும் மூழ்கும். பி.வி.சி. கலந்தால் மொத்தச் சாக்கின் விலையும் விழும்.

இந்த வழி பெரும்பாலும் ஈரத்தால்தான் கெடுகிறது. பால் கவரின் மூலையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டினால் அந்தச் சின்னத் துண்டு தெருவில் பறக்காது. கவரை ஒரு பக்கம் கிழித்து விரித்து, பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஒருமுறை அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிட வேண்டும். மடித்தபடியே வைத்தால் உள்ளே நிற்கும் பால் இரண்டு நாளில் நாறும், பிறகு புழு வரும், அதற்குப் பிறகு அந்த வீடு திட்டத்தை விட்டே போய்விடும். அலசும் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகட்டும். சாக்குகள் இருக்கும் இடம் மழை படாமல், மின்பெட்டியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். உலர்ந்த கவர் மூட்டைக்கு ஒரு பீடித்துண்டு போதும்.

இன்னொரு சிக்கலைப் பற்றி யாரும் கூட்டத்தில் பேசுவதில்லை. குப்பையில் வரும் பாட்டிலையும் டப்பாவையும் தனியே எடுத்து விற்பது பல இடங்களில் தூய்மைப் பணியாளருக்குக் கிடைக்கும் சிறு வருமானம். சங்கம் அதைச் சேர்த்து விற்றுக் கணக்கு எழுதத் தொடங்கினால், விலை போகாத அழுக்கு மட்டும் அவர் வண்டிக்குப் போகும். மனக்கசப்பு வரும், வண்டி தாமதமாகும், கடைசியில் எல்லாம் ஒரே வண்டியில் கலந்து போகும். விற்கக்கூடிய மூன்று சாக்குகளையும் அவரிடமே கொடுத்துவிடுவதுதான் சரி. சங்கத்துக்கு வருகிற பணம் எப்படியும் பெரிதல்ல. பதிலுக்கு நான்காவது சாக்கைத் தனியே ஏற்றி, உள்ளாட்சி குப்பையைத் தரம் பிரிக்கும் வளமீட்பு மையத்தில் தனியே இறக்கச் சொல்லிக் கேட்கலாம். இந்த ஏற்பாட்டுக்குச் சேமிப்பு அறை தேவையில்லை, விலைப் பேச்சு இல்லை, மாதம் இரண்டு மணி நேர வேலை போதும்.

நான்காவது சாக்கு எங்கே போகும்? தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு போக்கிடங்கள் உண்டு. ஒன்று சிமெண்ட் ஆலைச் சூளை. அரியலூர்ப் பக்கத்து ஆலைகளில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்க உள்ளாட்சிகள் லாரி லாரியாக அனுப்புகின்றன. மற்றொன்று சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கி, 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வாங்கித் தந்த முறை. சூடேற்றிய ஜல்லியின் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி மேலே படலமாகப் படியும், அதன் பிறகு தார் ஊற்றுவார்கள். இரண்டுக்குமே டன் கணக்கில் வேண்டும், நறுக்கும் இயந்திரம் வேண்டும். ஒரு தெரு நேரடியாகப் போய்க் கொடுக்கும் இடங்கள் இல்லை இவை. உள்ளாட்சியின் மையம் வழியாகத்தான் போக முடியும்.

இரண்டாம் வழி: கடையோடு பேச்சு

உண்மையிலேயே வரத்தைக் குறைக்கும் வழி இது. பணம் வேண்டாம். ஆனால் அறுபது வீட்டின் பழக்கம் மாற வேண்டும், அதனால் மெதுவாகத்தான் நகரும்.

சட்டம் பக்கத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்கள் தடையில் உள்ளன. எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் வரும். ஜவுளிக்கடையில் துணிப்பை என்று நினைத்து நாம் வாங்கி வருகிற, நெய்யாத, பஞ்சு போலத் தெரியும் பையும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். அதுவும் பட்டியலில் இருக்கிறது. ஒரு நூலை உருவிப் பாருங்கள், உருவ வராது. இவ்வளவு இருந்தும் கடைக்காரரிடம் சட்டத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்காதீர்கள். அவருக்குக் கவர் ஒரு செலவு. "எங்கள் தெருக்காரர்கள் பாத்திரம் கொண்டுவருவார்கள், நீங்கள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் மறுக்க அவருக்குக் காரணம் இல்லை.

எல்லாக் கடைகளையும் பிடிக்க வேண்டாம், மூன்று போதும்: மாவுக்கடை, கறி, மீன் கடை, பார்சல் வாங்கும் ஓட்டல். மாவுக்கடையில் பலன் உடனே தெரியும். கிரைண்டரிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து கவருக்கு என்று போகும் மாவு, கவருக்குப் பதில் நம் தூக்குக்கு வரும். இங்கே தடை எடைதான். கூட்ட நேரத்தில் கடைக்காரர் பாத்திரத்தை வைத்து எடையைக் கழித்துக்கொண்டிருக்க மாட்டார். தூக்கின் எடையை வீட்டிலேயே பார்த்து, அடியில் பெயிண்டால் எழுதிவிடுங்கள், "410 கி" என்று. தராசில் அந்த எண் தெரிந்ததும் அவர் கழித்துக்கொள்வார். புளித்தால் பொங்கும் என்பதால் கொள்ளளவில் பாதி, முக்கால்வாசிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

கறிக்கடைக்கு மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம், மீனுக்கு இன்னொன்று. துணிப்பையில் மீனைப் போட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பை அன்றோடு சரி, அந்த வீட்டின் ஆர்வமும் சரி. ஓட்டலில் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தருவதைத் தவிர்க்க மூன்றடுக்கு கேரியர் போதும். செயலியில் ஆர்டர் செய்யும் உணவுக்கு இந்த வழி எட்டாது. தெருவில் இளம் குடும்பங்கள் அதிகமானால் பார்சல் கவர்கள் சேரும் இரண்டாவது குவியல் நீங்கள் எதிர்பார்த்த அளவு இறங்காது, அதை இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

பை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியபின் புதுத் துணிப்பை அச்சடித்து வழங்குவது வழக்கமாகிவிட்டது. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நீரும் உரமும் மின்சாரமும் போகிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பையைவிடப் புவிவெப்பத் தாக்கம் குறையும் என்று வந்தது. வீட்டில் ஏற்கெனவே பத்துப் பை தொங்கும்போது பதினொன்றாவது அந்த 131ஐ எப்போது தொடும்? பழைய சேலையில் தைத்தால் இந்தக் கணக்கே எழாது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை ஒன்றில் 14க்கு 16 அங்குலப் பைகள் 15 தைக்கலாம். அகலத்தில் மூன்று துண்டு, நீளத்தில் 85 சென்டிமீட்டருக்கு ஒன்று, கடைசி 125 சென்டிமீட்டர் கைப்பிடிகளுக்கு. பை கிழிவது கைப்பிடி சேரும் இடத்தில்தான், அங்கே ஒரு சதுரமும் அதன் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தையல் விழ வேண்டும். மளிகைக் கடை வாசலில் ஒரு பெட்டி வைத்து இந்தப் பைகளைத் தொங்கவிட்டால் மறந்து வந்தவர் எடுத்துப்போய் அடுத்த முறை திருப்பிப் போடலாம். திரும்பாது என்ற பயம் நியாயமானதுதான், சில திரும்பாது. பழைய சேலைதானே.

மூன்றாம் வழி: பாத்திர வங்கி

வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோயில் கொடை, பதினாறாம் நாள் காரியம். அறுபது வீட்டில் மாதம் ஒன்றாவது வரும். 200 பேர் வருகிற ஒரு விசேஷத்தில் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், காபிக்கும் பாயசத்துக்குமாக இரண்டு கப், ஐஸ்கிரீமுக்கு ஒரு கப், ஒரு ஸ்பூன் என்று வைத்தால் ஒரே மதியத்தில் 1,000 உருப்படி. பத்து வீட்டின் ஒரு வாரக் குவியலோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு பெரிய குறைப்புக்கு அறுபது வீட்டின் சம்மதமும் வேண்டாம். விசேஷம் வைக்கிற ஒரு வீடு சரி என்றால் போதும்.

செய்கிறவர்கள் முதலில் தட்டு வாங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. சாப்பாட்டுக்கு வாழையிலை இருக்கிறது, டிபனுக்குப் பாக்குமட்டைத் தட்டு கிடைக்கிறது. இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த பிளாஸ்டிக் தாளை மட்டும் இலை என்று நம்பி வாங்கிவிட வேண்டாம். பிளாஸ்டிக் வருவது குடிப்பதிலும் இனிப்பிலும்தான். எனவே 200 பேருக்கு 250 டம்ளர், 220 சின்னக் கிண்ணம், 250 ஸ்பூன், குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இரண்டு, ஜக்கு எட்டு. டம்ளர் 80 கிராம், கிண்ணம் 60, ஸ்பூன் 20 என்று எடுத்தால் மொத்தம் 38 கிலோ. கிலோ 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 13,300. டிரம்மும் ஜக்கும் ஏழாயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு 350 ரூபாய் போட்டால் 21,000 சேரும், அதற்குள் முடிந்துவிடும். மொத்தமாக எடைக்கு வாங்கினால் விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இரண்டு மூன்று பாத்திரக்கடைகளில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டம்ளர் தேர்வில் கவனம் வேண்டும். விளிம்பு உருட்டி மடித்ததாக இருக்கட்டும், மடிக்காத மெல்லிய டம்ளர் அடுக்கும்போதே நசுங்கும், உதட்டையும் கீறும். ஒன்றுக்குள் ஒன்று போகும் வடிவம் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் முழுக்க இறங்கிவிடக் கூடாது. ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே காற்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வாடையும் வரும். பிடித்துக்கொண்டதைத் தட்டி எடுக்காதீர்கள். உள்டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றி, வெளிடம்ளரை வெந்நீரில் நிறுத்தினால் தானே விடும். வாங்கும் கடையிலேயே தெருவின் பெயரை வெட்டச் சொல்லிவிடுங்கள். சமையல்காரர் கொண்டுவரும் பாத்திரங்களோடு கலந்தால் பிரிப்பதற்கு வேறு வழி கிடையாது.

அதிகம் தொலைவது ஸ்பூன், பெரும்பாலும் எச்சில் இலையோடு சுருண்டு போகும். இலை எடுப்பவரிடம் ஒரு வாளியைக் கொடுத்து, இலையை மடிக்குமுன் ஸ்பூனை அதில் போடச் சொன்னால் பாதி இழப்பு நிற்கும். 25 ஸ்பூனுக்கு ஒரு துணிச்சுருக்குப்பை, 20 டம்ளருக்கு ஓர் அடுக்கு என்று வைத்தால் எண்ணுவது ஐந்து நிமிட வேலை. நோட்டில் எடுத்தது, திரும்பியது, குறைவது, முன்பணம் என்று நான்கு கட்டம். முன்பணம் 1,000 ரூபாய் இருக்கட்டும், குறைகிற உருப்படிக்கு வாங்கிய விலையைக் கழித்துக்கொள்ளலாம். வாடகை வைப்பதா என்று சங்கங்களில் நீண்ட வாக்குவாதம் நடக்கும். இலவசமாகக் கொடுங்கள். வாடகை வைத்தால் கப் வாங்குவதே மலிவு என்று கணக்குப் பார்ப்பார்கள்.

வங்கி நிற்பதா நொடிப்பதா என்பதைக் கழுவும் ஆள்தான் தீர்மானிப்பார். கழுவாமல் திரும்பிய 250 டம்ளரைச் சங்கச் செயலாளர் தன் வீட்டுக் கொல்லையில் கழுவ நேர்ந்தால் அடுத்த மாதம் அவர் சாவியைக் கொடுத்துவிடுவார். கழுவுகூலி விசேஷ வீட்டின் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேரைக் கூலிக்கு வைத்து, மூன்று அண்டாவில் வரிசையாக, முதலில் சோப்பு, அடுத்து அலசல், கடைசியில் வெந்நீர் என்று போனால் ஓடும் குழாயைவிடத் தண்ணீர் குறைவாக ஆகும். கவிழ்த்து, வெயிலில் காய்ந்தபின்தான் பெட்டிக்குள் போக வேண்டும். கோடையில் தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் தெருக்களில் இந்த வழிக்கு இரண்டு மாதம் விடுப்பு கொடுக்க வேண்டிவரலாம்.

சமையல் ஒப்பந்தக்காரரிடம் பாட்டிலும் கப்பும் வேண்டாம் என்று பேச வேண்டிய நேரம் முன்பணம் கொடுக்கும் அன்று. முதல் நாள் சொன்னால் அவர் வாங்கி அடுக்கியிருப்பார். பில்லில் அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள், கழுவுகூலியில் ஒரு பகுதி அங்கேயே வந்துவிடும். வேறொரு நினைவூட்டல்: 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்றன. தெருவில் பந்தல் போடுகிற வீடுகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள், இலைகளைத் தனி வண்டியில் எடுக்கக் கேட்பதற்கும் அந்தக் கடிதம் உதவும்.

நான்காம் வழி: சேர்ந்து வாங்குதல்

எண்ணெய், பருப்பு, சர்க்கரை, தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றைப் பெரிய அளவில் வாங்கிப் பங்கிடுவது. பத்து வீடு சேர்ந்தால் நன்றாக நடக்கும், அறுபதில் நடக்காது. கணக்கெழுதுகிறவர் ஒருவரே என்பதால் அவர் ஊருக்குப் போனால் எல்லாம் நிற்கும்.

எண்ணெயில் மட்டும் தொடங்குவது புத்திசாலித்தனம். எண்ணெய்க் கவர் பல அடுக்குப் படலம், பிசுக்கு ஒட்டியது, பழைய பேப்பர் கடையில் தொடமாட்டார்கள். பத்து வீட்டுக்கு மாதம் 40 லிட்டர் என்றால் 40 கவர் மிச்சம். 15 கிலோ தகர டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும். பங்கிடும்போது அளவுக் குவளை வேண்டாம், தராசு வையுங்கள். லிட்டருக்கு 910 கிராம் என்ற கணக்கில் ஊற்றினால் சண்டை வராது. டின்னைத் திறந்த அன்றே முழுவதையும் பங்கிட்டுவிட வேண்டும், பாதி டின் காற்றோடு கிடந்தால் சிக்கு வாடை வந்துவிடும். பங்கிடுவது உறுப்பினர்களுக்குள் மட்டும் இருக்கட்டும். சில்லறையாக வெளியே விற்றால் உணவுப் பாதுகாப்பு விதிகள் குறுக்கே வரும். பருப்பை ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கினால் பிளாஸ்டிக்குக்குப் பதில் வண்டைக் கொண்டுவந்தவர்கள் ஆவீர்கள்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியவை

பாட்டிலில் பாக்கெட்டுகளை அடைத்துச் செங்கல் செய்வது பள்ளிக்கூடங்களில் பிரபலம். உறுதியாக நிற்க ஒரு லிட்டர் பாட்டிலுக்குக் குறைந்தது 330 கிராம் திணிக்க வேண்டும். நான்கு கிராம் பாக்கெட் என்றால் எண்பதுக்கு மேல். விற்கக்கூடிய ஒரு பாட்டிலை, விற்க முடியாத குப்பையோடு சேர்த்து இரண்டையும் பயனற்றதாக்குகிறோம். நம் வெயிலில் பாட்டில் நொறுங்கும், உள்ளே இருப்பது மறுபடி வெளியே வரும். தீப்பிடிக்கும் பொருளைச் சுவராக வைப்பது வேறு.

மக்கும் கவர் எனப்படுவது இந்தியத் தரநிலை 17088 முத்திரையோடு வந்தாலும் அந்தச் சோதனை தொழிற்கூட உரக்கிடங்குக்கானது. அங்கே 58 டிகிரி வெப்பம் வாரக்கணக்கில் நிற்கும், உங்கள் மாடி உரத்தொட்டியில் நிற்காது. மாதங்கள் கழித்தும் அது அப்படியே கிடக்கும். பால் கவரோடு கலந்தால் அந்தச் சாக்கையும் கெடுக்கும். பாட்டில் நசுக்கும் இயந்திரம் பேருந்து நிலையத்துக்குச் சரி, அறுபது வீட்டுக்கு அல்ல.

தேர்வு

எங்கள் வரிசை இது. மாதம் ஒரு விசேஷமாவது நடக்கும் தெரு என்றால் பாத்திர வங்கி முதலில். பணம் ஒருமுறைதான், பலன் முதல் விசேஷத்திலேயே தெரியும், அந்தப் பந்தியில் சாப்பிட்ட அறுபது வீடும் பார்த்திருக்கும். சேகரிப்பை அதோடு சேர்த்தே தொடங்கலாம், ஆனால் மேலே சொன்ன குறைந்த வடிவத்தில், தூய்மைப் பணியாளரோடு பேசி, சொந்தக் கிடங்கு இல்லாமல். மூன்றாம் மாதம் மாவுக்கடை. அது நிலைத்தபின் கறிக்கடையும் ஓட்டலும். எண்ணெய் டின் விருப்பமுள்ள பத்து வீடுகளின் தனி ஏற்பாடாகவே இருக்கட்டும், சங்கம் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இந்த வரிசை மாறும் இடங்கள் உண்டு. வாடகைக்குத் தங்கும் இளைஞர்கள் நிறைந்த தெருவில் விசேஷமே இருக்காது, அங்கே இரண்டாவது குவியலும் 20 லிட்டர் கேனுக்குப் பதில் வாங்கும் சின்னப் பாட்டில்களும்தான் பெருகியிருக்கும், எனவே ஓட்டலோடு பேசுவது முதலில். நூறு வீட்டுக்கு மேலான அடுக்ககம் என்றால், சேரும் கழிவின் அளவைப் பொறுத்து, மொத்தக் கழிவு உருவாக்குவோர் என்ற சட்ட வகையில் வரக்கூடும், காவலாளியும் பொது இடமும் இருப்பதால் சேகரிப்பு அங்கே எளிது. ஊராட்சிகளில் எரிப்பதை நிறுத்துவதுதான் முதல் வேலை. பி.வி.சி. கலந்த குப்பை எரியும்போது டையாக்சின் என்ற நச்சு வரும், வீட்டு வாசலில் எரித்தால் அதை முதலில் சுவாசிப்பது அந்த வீட்டுக் குழந்தை.

ஆறாம் மாதம் அதே பத்து வீடுகளில் மறுபடி எடை போடுங்கள், அதே ஆறு குவியல், விசேஷம் இல்லாத வாரம். கடைப் பையும் தடித்த பையும் இறங்கியிருக்கும். பால் கவர் எண்ணிக்கை மாறாது, சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நொறுநொறுக்கும் பாக்கெட் குவியல் அசைந்திருக்காது. அதற்காகத் தெருவை நொந்துகொள்ள வேண்டாம். 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, சந்தைக்கு அனுப்பும் பொதிப் பிளாஸ்டிக்கைத் திரும்பச் சேர்ப்பது தயாரிப்பாளர்கள், விற்பனைப் பெயர் வைத்திருப்பவர்களின் பொறுப்பு. உள்ளாட்சி அலுவலகத்தில் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: எங்கள் நான்காவது சாக்கு எந்த மையத்தில் இறங்குகிறது, அங்கிருந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை லாரி கிளம்புகிறது? கடிதத்தோடு உங்கள் எடைக் கணக்கின் நகலையும் இணையுங்கள்.